இலக்கம் எழுத்தல்ல

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். என் தலையில் முடி கிடையாது. வைத்த கை நேராக மண்டையில் படுகிறது. இடையில் பொய் ஒளிந்துகொள்ள மயிரிழை இடமும் இல்லை என்பதை வாசிக்கிறவர்கள் முதலிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும்.

நான் இலக்கம் எழுதுகிறவன். வீட்டுக் கதவு, பஸ் நெற்றி, தியேட்டர் நாற்காலி முதுகு, ஆஸ்பத்திரிக் கட்டில், தெருவிளக்குக் கம்பம் என்று எங்கெல்லாம் ஒரு எண் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். எழுத்து என்று ஒன்றை நான் தொழிலில் தொட்டதே இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரை, கூடவே ஒரு சுழி. மொத்தம் பத்து உருவம். அந்தப் பத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருஷம் தலைநிமிர்ந்து வாழ்ந்திருக்கிறேன்.

கை எப்படிப்பட்டது என்று கேட்பீர்கள். நானே சொல்வது அழகல்ல என்பதால் இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தின் ஏழாம் அறைச் சுவரில் நான் எழுதிய 7-இன் வளைவில் அங்கிருந்த எழுத்தர் தன் குடையை மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மூன்று மழைக்காலம் அந்தக் குடை அங்கேதான் தொங்கியது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவன் ஏழின்மேல் பிரஷ்ஷை இழுத்தபோதுதான் குடை கீழே விழுந்தது. எழுத்தரின் கால் கட்டைவிரலில் விழுந்ததால் அவர் இதற்குச் சாட்சி.

இன்னொன்று, ஒரு கிடங்குச் சுவரில் 10 எழுதியது. பெயிண்ட் காய்வதற்குள் அங்கே திரிந்த பூனை சுழிக்குள் பாய்ந்து உள்ளே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, பத்துக் கதவு தள்ளி நான் எழுதிய 20-இன் சுழி வழியாக வெளியே வந்தது. போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது. உள்ளே என்ன தின்றது என்று நான் விசாரிக்கவில்லை. அது பூனைக்கும் சுழிக்கும் இடையிலான விஷயம்.

இப்படிப்பட்ட என்னை ஒரு காலத்தில் எடுபிடி ஆக்கப் பார்த்தார்கள். பார்த்தவர் என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான்.

அத்தான் எழுத்து ஓவியர். கடைப் பலகை, பள்ளிக்கூட வாசல், மருந்துக்கடைக் கண்ணாடி எல்லாம் அவர் கைவண்ணம். அவர் எழுதிய 'ழ'வைப் பார்த்துவிட்டு நாக்கு தானாக மடிந்தவர்கள் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. எதிரியின் பெருமையைக் குறைத்துச் சொன்னால் அவரை ஜெயித்தவனின் பெருமையும் குறைந்துபோகும். பெயிண்டர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் எழுத்துக்காரர்கள், ஒருவன் நான். எல்லோருடைய அட்டையிலும் 'எழுத்து ஓவியர்' என்று இருக்கும். என் அட்டையில் மட்டும் 'இலக்க ஓவியர்'. அந்த அட்டையை நான் சட்டைப் பையில் வைப்பதில்லை. வேர்வை படும் என்று கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒரு கட்டடத்தின் எழுத்து வேலை முழுவதும் ஒரே தலைமை ஓவியரின் கையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்யலாம். ஆனால் ஒவ்வொரு தகட்டின் வலது கீழ்மூலையிலும் அவருடைய முத்திரைதான் இருக்கும். இந்த விதியால் எனக்கு அதுவரை எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. எழுத்துக்காரர்கள் எழுத்தை எழுதி இறங்குவார்கள், நான் ஏறி இலக்கத்தை எழுதி என் முத்திரையை வைப்பேன். என் முத்திரை ஒரே ஒரு புள்ளி.

அப்போதுதான் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் வந்தது. மாடிக்கு முப்பத்தாறு கதவு, ஆக நானூற்று முப்பத்திரண்டு கதவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கத் தகடு. எழுத்து வேலை என்று பார்த்தால் வாசலில் கட்டடத்தின் பெயர், உள்ளே 'எச்சில் துப்பாதீர்', அவ்வளவுதான். வாழ்நாளில் முதல் தடவையாக எழுத்தைவிட இலக்கம் பெரிதாக வந்து நின்றது. நான் இரண்டு நாள் மார்பை நிமிர்த்தியே தூங்கினேன். மூன்றாம் நாள் சங்கக் கூட்டத்தில் அத்தான் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

இலக்கமும் ஒருவகை எழுத்துதான், ஆகவே அதுவும் எழுத்து வேலையில் அடங்கும், ஆகவே நானூற்று முப்பத்திரண்டும் தலைமை ஓவியரின் கீழ்தான் வரும் என்றார். தலைமை ஓவியர் யார் என்று அவர் சொல்லவில்லை. அடக்கம். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். எண் வேறு, எழுத்து வேறு, என் அட்டையைப் பாருங்கள் என்றேன். அட்டை வீட்டில் சுவரில் இருந்தது.

அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். "மச்சான், கோவப்படாம கேளு. என்கிட்ட இருக்கறது இருநூத்து நாப்பத்தேழு எழுத்து. உன்கிட்ட இருக்கறது பத்து. எங்க கடல்ல ஓரமா நீந்துற பத்து மீன் நீ. கடல்லேருந்து பிரிஞ்சு எங்க போகப் போற?"

"அத்தான், அந்த இருநூத்து நாப்பத்தேழை எழுதிக் காட்டணும்னா என்னோட பத்துல மூணு பேரை நீங்க கடன் கேக்கணும்."

சங்க அறையில் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசம் எப்போதும் தூக்கலாக இருக்கும். சிரித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்ததில் இருமல் வந்துவிட்டது. அத்தான் இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். அப்புறம் சுவர்ப்பலகைக்குப் போய்ச் சாக்கட்டியால் நம் பழைய எண்களை எழுதினார். ௧ என்று போட்டார். பக்கத்திலேயே க என்று போட்டார். ௨ போட்டார், பக்கத்தில் உ. நான்குக்கு ௪, பக்கத்தில் ச. "இது என்ன மச்சான்? எழுத்தா, எண்ணா? நம்ம முன்னோருங்க எழுத்தையே எடுத்து எண்ணா வச்சிருக்காங்க. உன் மீனெல்லாம் என் கடல்ல பொறந்ததுதான்."

மற்ற முப்பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன் என்று சத்தியம் செய்திருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் டீ குடிக்கப் போனேன். அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா இரண்டு டம்ளரையும் ஒரே தட்டில் கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். எந்தப் பக்கமும் சாயாத மாதிரி நடுவில் வைத்தாள்.

"ஏன்டா, அவர் கீழே ரெண்டு மாசம் வேலை பாத்தா உன் கை கழண்டு விழுந்துடுமா?" என்றாள்.

"கை விழாது அக்கா. கைக்குக் கீழே இருக்கிற புள்ளி விழுந்துடும்."

அக்கா கணவரைப் பார்த்தாள். "ஏங்க, அவன் புள்ளியை விட்டுத்தான் குடுங்களேன். சின்னதாத்தானே இருக்கு?"

"இன்னைக்குப் புள்ளியை விட்டா நாளைக்குக் கால் வைக்கக் கேப்பான்," என்றார் அத்தான்.

அக்கா பெருமூச்சு விட்டாள். நீங்கள் இருவரும் பேசித் தீர்க்க மாட்டீர்கள், சங்கத்து மாடியில் ஓர் அகராதிக்காரர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்டுத் தொலையுங்கள் என்றாள். இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதினார்கள்: இலக்கம் என்ற சொல்லுக்கு அகராதிக்காரர் எழுதும் பொருளே முடிவு. எழுத்து என்று அவர் எழுதிவிட்டால் என் அட்டை ரத்து. நானூற்று முப்பத்திரண்டு இலக்கத்தின் காலடியிலும் அத்தானுடைய முத்திரை இருக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் அவர் பின்னால் நடப்பேன்.

அகராதிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்க அறைக்கு நேர் மேலே அவர் குடியிருந்தார். அறை முழுவதும் பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் சொல் எழுதிய சீட்டுகள். முப்பது வருஷமாகத் தனி ஆளாக ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வைராக்கியம்: பொருள் எழுதி முடிக்காத சொல்லை வாயால் பேசமாட்டார். எழுத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, வாயில்தான். அகரமும் ஆகாரமும் முடித்து இகரத்தில் பாதி வந்திருந்ததால், அவர் பேச்சில் வரும் எல்லாச் சொல்லும் அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்கும். அதில் இருந்த கஷ்டம், 'இல்லை' என்ற சொல்லுக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. 'அல்ல', 'ஆகாது' என்றெல்லாம் சொன்னால் கேட்டு வந்தவர்கள் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாக அவரால் யாருக்கும் எதையும் மறுக்க முடியவில்லை. பழைய பேப்பர்க்காரன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அறையில் நாற்காலியே கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் எழுதினார்.

நாங்கள் போனபோது 'இலக்கம்' என்ற சீட்டே அவர் மடியில் இருந்தது. தற்செயல்தான். நான் என்ன செய்ய முடியும்?

"ஆகட்டும். அமருங்கள்," என்றார்.

அமர்ந்தோம். அத்தான் தன் வாதத்தைச் சொன்னார், ௧, ௨ எல்லாம் சொன்னார். அகராதிக்காரர் சீட்டை எங்கள் பக்கம் திருப்பினார். பொருள் என்ற இடத்தில் பென்சிலால் 'எண்ணைக் குறிக்கும் எழுத்து' என்று இருந்தது. அத்தான் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஜெயித்தவர்கள் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் சீட்டில் இன்னொரு இடம் இருந்தது. தோற்றம் என்ற இடத்தில் மையாலேயே எழுதியிருந்தார்: குறி, அடையாளம் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. எனக்கு மூச்சு வந்தது. எழுத்து என்ற சொல் எழுதுவதிலிருந்து வந்தது, அது எல்லோருக்கும் தெரியும். இலக்கம் பிறந்த வீட்டில் எழுதுவது என்ற பேச்சே இல்லையே, அங்கே குறிதானே இருக்கிறது, அப்புறம் பொருளில் மட்டும் எழுத்து எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்டேன்.

அத்தான் விடவில்லை. எழுத்தும் ஒரு குறிதானே, சத்தத்துக்குக் குறி எழுத்து, எண்ணிக்கைக்குக் குறி இலக்கம், இரண்டும் பங்காளிகள், மூத்தவன் எழுத்து என்றார்.

அந்த நேரத்தில் நான் என் வம்சத்தை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் குலத்தில் பதினோரு தலைமுறைக்கு முந்தியவர் பிறவி ஊமை. காதும் கேட்காது. சத்தம் என்பதே தெரியாதவருக்கு எழுத்து எதற்கு? ஆனால் எண்ணுவார். துறைமுகத்தில் மூட்டை இறங்க இறங்க ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு குறி போடுவார். முதலில் மூட்டைக்கு ஒரு கோடு போட்டார். ஆயிரமாவது மூட்டைக்கு ஆயிரம் கோடு போட மூட்டை போதவில்லை, கப்பலின் வயிற்றிலும் போட்டார். கப்பல் கிளம்பி நடுக்கடலுக்குப் போனபிறகும் இவர் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார். நீந்திக் கரைக்கு வரும் வழியில்தான், கோட்டை வளைத்தால் இடம் மிச்சமாகும் என்று அவருக்குத் தோன்றியது. உலகத்தில் இன்றைக்கு உள்ள எல்லா இலக்கமும் அந்த நீச்சலில் பிறந்தவை. ஒரு சத்தமும் அறியாத மனிதர் போட்ட குறியை எழுத்து என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு முடித்தேன்.

"அடடா," என்றார் அகராதிக்காரர். அப்புறம், "ஆதாரம்?" என்றார்.

"நான் அந்த வம்சத்துல பொறந்து உங்க முன்னாடி உக்காந்திருக்கேனே, ஐயா."

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "ஆதாரம் அவசியம். அயலாரை அழைத்து ஆராயலாம்," என்றார்.

அவர் நினைத்தது இதுதான். எழுத்து ஒரு மொழிக்குத்தான் பேசும். நம் எழுத்து தெரியாத அயலான் ஒருவன் இலக்கத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அது எழுத்து இல்லை, குறி. கண்டுபிடிக்க முடியாவிட்டால் பென்சிலால் எழுதியதை மையால் எழுதிவிடுவார். அத்தானும் ஒத்துக்கொண்டார். அவர் மனசில் வேறு கணக்கு ஓடியிருக்க வேண்டும்: வேற்று நாட்டான் எந்தப் பலகையைப் பார்த்தாலும் விழிப்பான், இலக்கமும் தோற்கும், அது போதும்.

அயலானுக்குப் பஞ்சம் இல்லை. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியரும் ஒரு மெக்கானிக்கும் வந்திருந்தார்கள். மெக்கானிக்குக்கு நம் பேச்சில் தெரிந்தது ஒரே சொல், 'போதும்'. அதையும் டீ ஊற்றும்போது கற்றுக்கொண்டது.

ஏற்பாடு இப்படி. ஒன்பதாம் மாடியில் வரிசையாக ஆறு கதவு, 901 முதல் 906 வரை. ஒரு கதவுக்குப் பின்னால் இன்ஜினியரின் தொப்பி. முதலில் அத்தான் எழுத்திலேயே எழுதிய ஆறு தகடு மாட்டப்படும்: 'தொள்ளாயிரத்து ஒன்று', 'தொள்ளாயிரத்து இரண்டு' என்று. கீழே நிற்கும் மெக்கானிக்கிடம் இன்ஜினியர் தன் மொழியில் எண்ணைச் சொல்வார். மெக்கானிக் ஏறிப் போய்த் தொப்பியை எடுத்துவர வேண்டும். அடுத்து அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு, என் ஆறு தகடு. சோதனைத் தகட்டில் யாருடைய முத்திரையும் கிடையாது. தொப்பி இருக்கிற கதவை யார் சொல்வது என்று கேட்டார்கள். தம்பிதான் சொல்லட்டும் என்று அக்கா இடையில் புகுந்தாள். நான் 906 என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். தகட்டில் எழுதி முடித்ததும் அதைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் காயவைப்போம். ஈரப் பெயிண்ட் கொஞ்சம் வழிந்தாலும் தலைப்பக்கம் வழியட்டும், காலடியில் சொட்டு நின்றால் அசிங்கம். காய்ந்தபிறகு நாங்களே எடுத்துத் திருப்பி மாட்டுவோம். ஆனால் சோதனைக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒன்பதாம் மாடியை மிதிக்கக்கூடாது என்று அகராதிக்காரர் சீட்டில் எழுதிக் காட்டிவிட்டார். தகடு மாட்டும் வேலை கட்டடத்துத் தச்சரிடம் போயிற்று. தச்சர் கம்பியில் எப்படித் தொங்கியதோ அப்படியே எடுத்து, அப்படியே கதவில் வைத்து, நாலு மூலையிலும் திருகாணி முடுக்கிவிட்டார். பிற்பாடு கேட்டதற்கு, "மாட்டுறது என் வேலை. படிக்கறது உங்க வேலை," என்றார். அதில் தப்பில்லை.

காலையில் சங்கமே கட்டடத்தில் கூடிவிட்டது. மற்ற முப்பத்தொன்பது பேரும் படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக நின்றார்கள். அகராதிக்காரர் ஒன்பதாம் மாடி நடையில் ஒரு டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தார். நானும் அத்தானும் அங்கே ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஆறு தகடும் தலைகீழாக நிற்பதுதான். அத்தானின் அழகான 'தொள்ளாயிரம்' ஆறும் வவ்வால் மாதிரித் தொங்கின. தச்சரை நோக்கி அத்தான் ஓரடி வைத்தார். அதற்குள் கீழே இன்ஜினியர் எண்ணைச் சொல்லிவிட்டார், மெக்கானிக் ஏறத் தொடங்கிவிட்டான்.

வந்தான். முதல் தகட்டைப் பார்த்தான். தலையை வலது பக்கம் சாய்த்தான், இடது பக்கம் சாய்த்தான். கொஞ்சம் குனிந்து கால்களுக்கு நடுவிலிருந்தும் பார்த்தான். ஆறு கதவிலும் இதையே செய்தான். கடைசியில் அகராதிக்காரரைப் பார்த்து மரியாதையாக, "போதும்," என்றான்.

அத்தான் பொங்கிவிட்டார். தலைகீழாக மாட்டினால் எழுதினவனுக்கே படிக்க வராது, இது சோதனையா, சதியா என்றார். அவர் சொன்னது நியாயம்தான், நானும் தலையாட்டினேன். அகராதிக்காரர் இரு கையையும் உயர்த்தி, "அமைதி. அடுத்தது ஆகட்டும். அதையும் அப்படியே," என்றார். அதாவது என் தகடுகளையும் தலைகீழாகவே மாட்ட வேண்டும், அதுதான் நியாயம். தச்சர் ஏற்கெனவே அப்படித்தான் மாட்டுவதாக இருந்தார்.

மாட்டி முடித்ததும் நான் பார்த்தேன். முதல் கதவில் 901 தலைகீழாக நின்று 106 ஆகியிருந்தது. இரண்டாவது 206. மூன்றாவதிலும் நாலாவதிலும் 06-க்கு முன்னால் நின்றது எந்த நாட்டு எண்ணும் இல்லை. ஐந்தாவது 506. ஆறாவது கதவை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

மெக்கானிக் மறுபடி வந்தான். முதல் கதவைத் தாண்டினான். இரண்டாவதைத் தாண்டினான். மூன்றாவதின் முன்னால் ஒரு கணம் நின்று, பாவம் யாரோ என்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தான். ஆறாவது கதவின் முன்னால் நின்றான். விரலை நீட்டி ஒவ்வொரு உருவமாகத் தொட்டு, தன் மொழியில் மூன்று சத்தம் போட்டான். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சத்தம் புரியவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் அது 9 என்றும் 0 என்றும் 6 என்றும் தெரிந்தது. கதவைத் திறந்து தொப்பியை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு கீழே போனான்.

அத்தான் ஆறாவது கதவுக்குப் போனார். அங்கே மட்டும் நேராக மாட்டியிருக்கிறார்கள், இது ஏமாற்று என்றார். தச்சர் திருகாணியைக் கழற்றித் தகட்டை அவர் கையில் கொடுத்தார். அத்தான் அதைத் திருப்பினார். 906. மறுபடி திருப்பினார். 906. பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். அது வந்து நின்றது 906-ஆகத்தான். ஐந்தாவது தடவை திருப்பும்போது அவர் கை மெதுவாகிவிட்டது. தகட்டின் விளிம்பைத் தடவினார், அப்புறம் என் 9-இன் கழுத்து வளைவைத் தடவினார். தொழில்காரன் இன்னொரு தொழில்காரனின் வேலையைத் தொடும் விதம் அது.

"மச்சான், இதுக்குக் காலும் கிடையாது, தலையும் கிடையாது," என்றார் கடைசியில். "எப்படி வச்சாலும் நிக்குது. என்னுது ஒண்ணுகூட இப்படி நிக்காது."

906-ஐ நான் தேர்ந்தெடுத்தபோது, தச்சர் எப்படி மாட்டுவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். சத்தியம் செய்து தொடங்கிய இடத்தில் நின்றுகொண்டு இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது சத்தியத்துக்கு மரியாதை அல்ல.

அகராதிக்காரர் டப்பாவிலிருந்து இறங்கினார். தரையில் உட்கார்ந்தார். பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு மையால் எழுதினார். நாற்பத்தொரு பேரும் எட்டிப் பார்த்தோம். 'இலக்கம்: எண்ணைக் காட்டும் குறி. எம்மொழியாரும் தம் மொழியில் படிப்பது.' எழுதி ஊதிக் காயவைத்தார்.

சங்கத்துச் செயலாளருக்கு இது போதவில்லை. தீர்மானப் புத்தகத்தில் கேள்வி, அதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்றுதான் பதிய வேண்டும். "ஐயா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. இலக்கம் எழுத்தா?" என்று கேட்டார்.

அகராதிக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். இலக்கத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் இன்னும் எத்தனை சொற்கள் கிடந்தன. ஒரு விரலை உயர்த்தி எங்களைக் காத்திருக்கச் சொன்னார். வெற்றுச் சீட்டை எடுத்தார். இலக்கியம் எழுதினார். இலங்கு, இலந்தை, இலவசம், இலவம். முப்பது வருஷத்தில் இரண்டரை எழுத்து நகர்ந்த மனிதர், அந்த ஒரு மதியத்தில் அறுபது சொல்லைத் தாண்டினார். பேனா சூடாகிப் புகை வந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்கா டம்ளரில் தண்ணீர் வைத்து நிப்பை அதில் முக்கி முக்கிக் கொடுத்தாள். இலை முடிந்தது, இல்லம் முடிந்தது. கடைசிச் சீட்டில் பொருளை எழுதி, காயவைத்து, எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, செயலாளரை நேராகப் பார்த்தார்.

"இல்லை," என்றார்.

பன்னிரண்டு மாடியிலும் அது கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சுற்றி இருந்தவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு தடவை, எந்தக் கேள்வியும் இல்லாமலே, "இல்லை, இல்லை," என்று சொல்லிப் பார்த்தார். மறுநாள் முதல் அவர் அறையில் நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சங்கக் கூட்டத்தில் அந்தப் பொருளை அத்தானே நின்று வாசித்தார். வாசித்து முடித்து, சங்கத்தில் இனி எழுத்து ஓவியர், இலக்க ஓவியர் என்று இரண்டு தொழில், ஒன்றுக்கு ஒன்று கீழ் இல்லை என்று தீர்மானத்தையும் அவரே முன்மொழிந்தார். நாற்பது கை உயர்ந்தது. நான் கை உயர்த்தவில்லை. என் வெற்றிக்கு நானே ஓட்டுப் போடுவது அழகல்ல.

நானூற்று முப்பத்திரண்டு இலக்கத்தையும் அறுபத்தொரு நாளில் எழுதி முடித்தேன். ஒவ்வொன்றின் வலது கீழ்மூலையிலும் ஒரு புள்ளி. நான் பத்தாம் மாடியில் எழுதிக்கொண்டிருந்தபோது அத்தான் அந்தப் பக்கம் வந்தார். வாளி காலியாகிவிட்டது என்று பார்த்தார். தூக்கிக்கொண்டு போய்ப் பெயிண்ட் ஊற்றி நிரப்பிக் கொண்டுவந்து, என் ஏணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாளிக்காக நான் இன்னும் நானூறு கதவு எழுதியிருப்பேன்.

தலையில் வைத்த கையை எடுப்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவன், எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு பேரும் தம்பிகள்.